கையடக்கக் கங்காணி

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி இந்திய சர்க்காரின் கிராம அபிவிருத்தி இலாகா எல்லா ராஜ்ய சர்க்கார்களுக்கும் ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பியது. நூறு நாள் வேலை நடக்கும் இடங்களில் தொழிலாளரின் வருகையைக் கைபேசியால் படமெடுத்துப் பதிவு செய்யும் முறையில் மலிந்துவிட்ட மோசடிகளை அக்கடிதம் வரிசையாக எடுத்துச் சொல்லிற்று. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் அனுப்பப்படுகின்றன; நேரில் நிற்கும் ஆட்களைப் படமெடுக்காமல் முன்னரே எடுத்த படத்தையே மறுபடி படமெடுத்து அனுப்புகிறார்கள்; படத்தில் இருக்கும் தலைகளுக்கும் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கும் கணக்குப் பொருந்துவதில்லை; பிற்பகல் படம் பல இடங்களில் எடுக்கப்படுவதே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கிராமப் பஞ்சாயத்து மட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் ஊழியர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமென்றும், மேலே உள்ள உத்தியோகஸ்தர்களும் அவற்றில் ஒரு பங்கைப் பார்வையிட வேண்டுமென்றும் இலாகா உத்தரவிட்டது.

இந்த உத்தரவின் பொருளை நேயர்கள் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். மனிதன் மனிதனைக் கண்காணித்தால் ஊழல் ஒழியாது, காலமும் வீணாகும், ஆகவே கருவி கண்காணிக்கட்டும் என்று சொல்லித்தான் இந்த ஏற்பாடு புகுத்தப்பட்டது. நான்கு வருஷம் கழித்து, கருவியைக் கண்காணிக்க மனிதர்களை நியமிக்க வேண்டியதாயிற்று. மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட வேலை மிச்சமாகவில்லை. முன்பு இருந்த வேலையோடு படமெடுக்கும் வேலையும், படத்தைப் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டன.

விஷயம் ஒரு திட்டத்தோடு நின்றுவிடுவதாயிருந்தால் அதைப்பற்றி நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. இன்று கம்பியில்லாச் செய்தியும் கையடக்கக் கருவியும் புகாத தொழில் இல்லை. பஸ் கண்டக்டர், தபால்காரர், அங்கன்வாடி ஊழியர், சாமான் கொண்டு வரும் வாலிபர், பாங்கி குமாஸ்தா, பள்ளி ஆசிரியர் எல்லோர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. இதனால் வேலைத்திறன் பெருகும் என்று சர்க்காரும் முதலாளிகளும் ஒரே குரலில் சொல்லுகிறார்கள். பெருகுகிறதா, பெருகினால் அந்த லாபம் யாருக்குப் போகிறது, பெருகாவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்க வேண்டியது பொதுஜனங்களுடைய கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் யந்திரத்தை வெறுப்பவர்கள் அல்ல. கம்பியில்லாமல் செய்தி செல்லும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் பலரும் காணச் செய்து காட்டியவர் நமது ஜகதீச சந்திர போஸ். அதே கல்கத்தாவிலிருந்துதான் 1995-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி முதல் மந்திரி ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசி, இந்தியாவின் முதல் கைபேசிப் பேச்சைத் தொடங்கி வைத்தார். முப்பது வருஷத்துக்குள் அக்கருவி கூலிக்காரன் மடியிலும் இடம்பெற்றுவிட்டது. இது பெரிய காரியம் என்பதில் சந்தேகமில்லை.

உழைப்பவனுக்கு அக்கருவி மெய்யாகவே உதவிய சந்தர்ப்பங்களும் உண்டு. 1997-ம் வருஷம் ஜனவரியில் ஒரு நாள் மலபாரின் வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்கள் வாங்குவோர் இல்லாமல் தங்கள் மீனைக் கொட்ட வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த வேறு கடற்கரைகளில் வாங்குவோர் இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். இரு சாராருக்கும் நடுவே இருந்த தடை செய்தி இல்லாமை ஒன்றே. அவ்வருஷம் முதல் 2001-ம் வருஷம் வரையில் கடற்கரை ஓரமாகக் கைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. அந்த அலை கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் எட்டியது. படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று மீனவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜென்ஸன் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு பிரசித்தமானது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மீனவர்களின் லாபம் 8 சதவிகிதம் உயர்ந்தது. வாங்கி உண்பவர் கொடுத்த விலை 4 சதவிகிதம் தாழ்ந்தது. விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம்.

தபால் இலாகாவையும் எடுத்துக்கொள்ளலாம். 2017-ம் வருஷக் கடைசியில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி சுமார் 1.29 லட்சம் கிராமக் கிளைத் தபாலாபீஸ்களுக்குக் கையடக்கக் கருவி வழங்கும் ஏற்பாடு நடந்தது. மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களை நினைத்து, சூரிய ஒளியால் இயங்கும் வசதியும் அதோடு சேர்க்கப்பட்டது. 2018 செப்டம்பரில் தபால் இலாகாவின் பாங்கியும் ஆரம்பமாயிற்று. 2020-ல் நாடு முழுதும் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, முதியோரும் விதவைகளும் பாங்கி வாசலுக்குப் போக வழியின்றி இருந்த நாட்களில், தபால்காரர் கருவியுடன் வீட்டு வாசலுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தார். அக்கருவிக்கு விரோதமாக யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

இவ்விரண்டு உதாரணங்களிலும் நேயர்கள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. மலபார் மீனவன் தன் கைபேசியைத் தன் பணத்தில் தானே விரும்பி வாங்கினான். யாரிடம் பேசுவது, எந்தக் கரையில் இறங்குவது என்பதை அவனே தீர்மானித்தான். தபால் ஊழியர் விஷயத்தில் கருவியைச் சர்க்கார் தன் செலவில் கொடுத்தது. மின்சாரத்துக்கும் வழி செய்தது. அவர் முன்னே செய்ய முடியாதிருந்த ஒரு சேவையைச் செய்ய அது உதவிற்று. கருவி வேலைக்கு ஊழியம் செய்த இடங்கள் இவை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பார்ப்போம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைச் செயலி 2021 மே மாதத்தில் அறிமுகமாயிற்று. 2022 மே 16 முதல் இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல், தனிப்பட்ட பயனாளிகளின் வீட்டு நிலத்து வேலைகள் நீங்கலாக, எல்லா இடங்களுக்கும் கட்டாயமாயிற்று. பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி, நாளொன்றுக்கு இரண்டு முறை தொழிலாளரை நிறுத்திப் படமெடுத்து, இடக்குறிப்புடன் அனுப்ப வேண்டும். இதற்குத் தேவையான விலையுயர்ந்த கைபேசியை அவளே வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் அலை கிடைக்காது. கிடைத்தாலும் சிற்சில வேளை படம் போய்ச் சேராது. படம் சேராவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. வெயிலில் மண் வெட்டியவளுடைய கை வலி மெய். ஆனால் டில்லிக் கணக்கில் அவள் அன்று வேலைக்கு வரவில்லை!

இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் கூலி பெரும்பாலும் செய்த வேலையின் அளவைப் பொறுத்தது. இத்தனை கன அளவு மண் வெட்டினால் இவ்வளவு கூலி என்பது கணக்கு. அதிகாலையில் வந்து, வெயில் ஏறுமுன் தன் பங்கை முடித்துவிட்ட பெண் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் கவனிக்க முன்பு சாத்தியமாயிருந்தது. இரண்டாவது படத்துக்காக அவள் காத்திருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் போய் மறுபடி வர வேண்டும் என்று ஆனபோது, அவளுடைய நாளில் பாதி படத்துக்கு இரையாயிற்று. மண் ஒரு கூடையும் அதிகமாக வெட்டப்படவில்லை. வேலைத்திறனைப் பெருக்க வந்ததாகச் சொல்லப்பட்ட கருவி அவளுடைய நேரத்தைக் கொன்றது. 2023 பிப்ரவரியில் பல ராஜ்யங்களிலிருந்தும் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் கூடிக் கிளர்ச்சி செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஊழலை எப்படித் தடுப்பது? இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எழுதிக் கொள்ளையடித்ததை மறந்துவிட்டீர்களா?" என்று சர்க்கார் தரப்பில் கேட்கப்படும். கேள்வி நியாயமானதே. வேலைப் பட்டியலில் பொய்ப் பெயர் எழுதிய மேஸ்திரிகளும் காண்டிராக்டர்களும் எல்லா ஜில்லாக்களிலும் இருந்தார்கள், இப்பொழுதும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊழலை வெளிப்படுத்தியது எது என்பதையும் சரித்திரம் சொல்லுகிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானத்துப் பாலி ஜில்லாவிலுள்ள கோட் கிரானா என்ற கிராமத்தில், விவசாயிகளும் கூலிகளும் கூடிய சங்கம் ஒன்று பகிரங்க விசாரணை நடத்திற்று. சர்க்கார் ஏட்டிலிருந்த பெயர்களை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை, யாருக்கு எவ்வளவு எழுதப்பட்டது என்பதை ஊரே சாட்சி சொல்லிற்று. அந்தக் கிளர்ச்சியிலிருந்து வளர்ந்ததுதான் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதே வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவும் கிராம சபையின் சமூகத் தணிக்கையை விதித்தது. ஊழலுக்கு மருந்து ஊரிலேயே இருந்தது. ஏட்டை ஜனங்கள் பார்க்க வேண்டும் என்பது அந்த மருந்து. ஜனங்களை மேலிடம் பார்க்க வேண்டும் என்பது செயலியின் தத்துவம். பட்டியல் எழுதும் மேஸ்திரியே படமும் எடுப்பானாகில், பொய் எழுதத் தெரிந்தவனுக்குப் பொய்ப் படம் எடுக்கத் தெரியாதா? 2025 ஜூலைச் சுற்றுக்கடிதம் இக்கேள்விக்குச் சர்க்காரே எழுதிக் கொடுத்த பதில்.

பார்வை ஒரு பக்கமாகவே செல்லுகிறது என்பதற்கு வேறோர் அத்தாட்சியும் தருகிறோம். வேலை செய்தவளுடைய வருகை கணத்தில் டில்லிக்கு எட்டிவிடுகிறது. அவளுடைய கூலியோ, பதினைந்து நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டுமென்று 2005-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருந்தும், அந்த வேகத்தில் வரவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதல் மந்திரி பிரதம மந்திரிக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு மத்திய சர்க்கார் விடுவிக்க வேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று குறிப்பிட்டார். பொங்கலும் வந்து போயிற்று, கூலி வரவில்லை. தொழிலாளி காலை வரத் தவறினால் உடனே காட்டிக் கொடுக்கும் கருவி, சர்க்கார் மாதக்கணக்கில் கூலி கொடுக்கத் தவறியதை ஏன் அதே வேகத்தில் காட்டிக் கொடுப்பதில்லை? காட்டத் தெரியாமலில்லை. காட்டும்படி யாரும் அதை அமைக்கவில்லை.

2025 டிசம்பரில் பார்லிமெண்டு அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்களின் உச்சக் கணக்கு நூறிலிருந்து நூற்றிருபத்தைந்தாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கூடவே, கைபேசி வழிக் கண்காணிப்பும், கைரேகை முகம் முதலிய உடற்குறிகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையும் அப்புதிய சட்டத்திலேயே இடம் பெற்றிருக்கின்றன. முன்பு இலாகா உத்தரவாக இருந்தது இப்போது சட்டத்தின் பலத்தோடு வருகிறது. ஆகையால் இவ்விஷயத்தைப் பொதுஜனங்கள் இப்பொழுது யோசியாமல் பின்னால் யோசிப்பதில் பயனில்லை.

அங்கன்வாடி ஊழியர்களின் கதையும் இத்தகையதே. 1975 அக்டோபர் 2-ந் தேதி காந்தியடிகளின் ஜயந்தியன்று தொடங்கப்பட்ட குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் நடந்து வருகிறது. குழந்தைக்கு உணவூட்டுவது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குப் புத்தி சொல்லுவது, பாட்டும் கதையும் சொல்லிப் பள்ளிக்குத் தயார் செய்வது ஆகியவை இப்பெண்களின் வேலை. 2021 மார்ச்சில் ஒரு புதிய செயலி வந்தது. உயரம், எடை, வருகை, உணவு எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். ஏட்டை அதற்காக மூடிவிட்டார்களா என்றால், பல இடங்களில் ஏட்டிலும் எழுதிச் செயலியிலும் ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரே கணக்கை இரண்டு தடவை எழுதுவது எந்த விதமான திறன் என்பது நமக்கு விளங்கவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் மகாராஷ்டிர ராஜ்யத்து அங்கன்வாடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்களுக்கு வழங்கப்பட்ட கைபேசிகளைச் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கருவி பழுதடைகிறது, சூடேறுகிறது, செயலியைத் தாங்கவில்லை, பழுது பார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது, செயலியின் மொழி தங்கள் தாய்மொழியாக இல்லை என்பன அவர்களுடைய குறைகள். கருவியைப் பயன்படுத்தத் தெரியாத பேதைகள் என்று சிலர் அவர்களைப் பரிகசித்தார்கள். உண்மையில் அப்பெண்கள் அக்கருவியோடு பல மாதங்கள் போராடிப் பார்த்துவிட்டு, குழந்தையைக் கவனிக்க வேண்டிய நேரத்தைக் கருவி விழுங்குகிறது என்று கண்டு திருப்பிக் கொடுத்தார்கள். தம் தொழிலில் பற்றுடையவர்கள் செய்யக்கூடிய காரியத்தைத்தான் அவர்கள் செய்தார்கள்.

2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொண்டு போகும் சத்துணவுப் பொட்டலம் கொடுப்பதற்குத் தாயின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. முகம் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? கணவன் கைபேசியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால், அதற்கு வரும் ரகசிய எண்ணை அவள் எப்படிச் சொல்லுவாள்? பத்து வருஷமாக அந்தத் தெருவிலே வாழ்ந்து, அவளுக்குப் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தி எடை பார்த்த ஊழியருக்கு அவள் யார் என்று தெரியும். ஆனால் அந்த அறிவுக்குக் கணக்கில் மதிப்பில்லை. இந்த ஊழியர்களுக்கு மத்திய சர்க்கார் தன் பங்காக விதித்த மாத ஊதியம் 2018 அக்டோபரில் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பெயரும் சம்பளம் அல்ல, கௌரவ ஊதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று சொல்லுவதற்கே 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போக வேண்டியிருந்தது. முழு நேர ஊழியரைப்போல் கண்காணிப்பு, தொண்டரைப்போல் ஊதியம் என்ற இந்த நியாயம் எந்தத் தர்ம சாஸ்திரத்தில் இருக்கிறது?

நம் நாட்டாருக்குக் கங்காணி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவர்களைத் திரட்டிச் சென்றவன் அவன். இலங்கையில் அன்றாடம் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் துரைமாரிடம் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தலையை எண்ணுவதில் அவனுக்கு இருந்த சிரத்தை, அந்தத் தலைக்குரியவன் பசித்திருக்கிறானா, நோயுற்றிருக்கிறானா என்பதில் இருந்ததில்லை. இருந்தாலும் அவன் மனிதன். அவனிடம் முறையிடலாம், கெஞ்சலாம், பொறுக்க முடியாதபோது எதிர்த்தும் நிற்கலாம். இன்று கையளவாகச் சுருங்கி வந்திருக்கும் கங்காணியிடம் முறையிட வாயில்லை. சாமான் கொண்டு வரும் வாலிபன் மழையிலும் நெரிசலிலும் தாமதித்தால் அவன் மதிப்பெண் குறைகிறது. குறைந்தால் அடுத்த நாள் வேலை குறைகிறது. ஏன் குறைத்தாய் என்று கேட்க அவனுக்கு எதிரே ஓர் ஆள் இல்லை. 2023-ல் ராஜஸ்தானமும், 2025-ல் கர்நாடகமும் இவ்வகைத் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நலவாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. இவை நல்ல ஆரம்பம் என்று ஒப்புக்கொள்ளுகிறோம், ஆரம்பத்தோடு நின்றுவிடலாகாது.

காரியாலயங்களில் மேஜைக்கு முன் அமர்ந்து வேலை செய்வோர், இதெல்லாம் கூலிகளின் கஷ்டம் என்று எண்ணியிருக்க வேண்டாம். அவர்களிடம் கைபேசி வேறு உருவத்தில் வந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்டப்படுகிறது. அதிகாரியின் செய்தி இரவு பத்து மணிக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வேளையிலும் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு தானாக வந்ததல்ல. சென்னையில் 1918-ல் தொழிற்சங்கம் கண்டவர்களும், 1923-ல் சிங்காரவேலர் தலைமையில் மே தினம் கொண்டாடியவர்களும் போராடிய வழியில் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி வேலைக்கு இடந்தரும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றிக் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்படுவதாக முதல் மந்திரி அறிவித்தார். மசோதாவாக வந்ததை ஜனங்கள் கண்டுகொண்டு தடுத்தார்கள். கைபேசியோ மசோதா எதுவும் இல்லாமலே, சட்டசபையின் உத்தரவைக் கேளாமலே, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாகவும் பதினான்கு மணியாகவும் நீட்டி வருகிறது. அதை எதிர்த்து ஊர்வலம் போனவர் யார்?

பிற தேசத்தார் இதைக் கவனித்து நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மோட்டார்க் கம்பெனியாகிய வோக்ஸ்வாகனில், வேலை முடிந்து அரைமணிக்குப் பிறகு ஊழியர்களின் கைக்கருவிகளுக்கு ஆபீஸ் கடிதங்களை அனுப்புவதில்லை என்று 2011-ல் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் ஊழியரின் உரிமையைப்பற்றித் தொழிலாளருடன் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை, மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரையில், ஊழியருக்கு உண்டு. அத்தேசங்களின் தொழில்கள் இதனால் படுத்துவிடவில்லை. நம் பார்லிமெண்டிலோ, சுப்ரியா சூலே 2018 டிசம்பரில் இந்நோக்கத்துடன் தனி அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டு வந்தார். தனி அங்கத்தினர் மசோதாக்களுக்கு நம் பார்லிமெண்டில் என்ன கதி நேருகிறது என்பது நேயர்கள் அறிந்ததே. சர்க்காரே முன்வந்தாலொழிய காரியம் நடவாது.

"இதெல்லாம் செய்தால் முன்னேற்றம் தடைப்படும்" என்று சொல்லுவோர் இருப்பார்கள். உட்கார உரிமை கேட்டபோதும் இதையே சொன்னார்கள். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அதனால் எந்தக் கடை மூடப்பட்டது? உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட ராஜ்யம், மனசுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளுவதில் கஷ்டமென்ன?

நாம் கேட்பவை எளியவை. முதலாவது, வேலைக்கு வேண்டிய கருவியை வேலை கொடுப்பவரே கொடுக்க வேண்டும். அதன் மாதச் செலவும் பழுது பார்க்கும் செலவும் அவரைச் சேர்ந்தவை. அரிவாளும் மண்வெட்டியும் தன்னுடையவை என்பதற்காகக் கைபேசியும் அவளே கொண்டுவர வேண்டும் என்பது அடாது. இரண்டாவது, செயலி தொழிலாளியின் தாய்மொழியில் பேச வேண்டும். மூன்றாவது, அலை கிடைக்காததற்கும் கருவி பழுதானதற்கும் ஒருவர் கூலியிலும் ஒரு குழந்தையின் உணவிலும் கை வைக்கக் கூடாது. கருவி தவறினால் ஏட்டில் எழுதிக் கூலி கொடுக்கும் மாற்று வழி சட்டத்திலேயே இருக்க வேண்டும். நான்காவது, வேலை நேரம் முடிந்த பிறகு கைபேசியும் ஓய வேண்டும். ஐந்தாவது, மேலே இருப்பவர் தொழிலாளியைப் பார்க்கும் அதே திரையில் தொழிலாளியும் மேலே இருப்பவரைப் பார்க்க வேண்டும்: தன் கூலி எந்த மேஜையில் நிற்கிறது, யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். இவ்வைந்தையும் ஒப்புக்கொண்ட பிறகு எத்தனை கருவி வேண்டுமானாலும் வரட்டும், நாமே வரவேற்போம்.

இதற்கு வழி சட்டசபைக்கு மனுக் கொடுப்பது மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச்சு 22-லும் நவம்பர் 1-லும் கூடும்படி ஏற்பாடாகியிருக்கிறது. வருஷத்துக்கு ஆறு நாள். ஊரில் வேலை செய்யும் தேசத்தொண்டர்கள் அக்கூட்டங்களுக்குச் சென்று, வேலைப் பட்டியலை உரக்கப் படிக்கும்படி கேட்க வேண்டும். படம் போகாததால் கூலி இழந்தவர் யார், முகம் பொருந்தாததால் சத்துணவு இழந்த தாய் யார் என்று பெயர் பெயராகத் தீர்மானத்தில் எழுதச் செய்ய வேண்டும். நகரத்துத் தொழிற்சங்கங்கள், புதிய செயலி எதுவும் தங்களைக் கலந்து பேசாமல் புகுத்தப்படலாகாது என்பதைத் தங்கள் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்தாகச் சேர்க்க வேண்டும். சம்பளத்துக்கும் போனஸுக்கும் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும். ஏனெனில் சம்பளத்தில் பெற்றதை நேரத்தில் இழந்துவிட்டால் பெற்றதற்குப் பொருளில்லை.

ஒரு கருவி வந்ததனால் உழைப்பவன் சற்று முன்னதாக வீடு திரும்பினால், அல்லது சற்று அதிகமாகக் கூலி பெற்றால், அல்லது முன்பு செய்ய முடியாத நல்ல காரியம் ஒன்றைச் செய்தால், அப்போது வேலைத்திறன் பெருகிற்று என்று சொல்லலாம். மலபார் மீனவனுக்கு அது நடந்தது. ஏரிக்கரையில் இரண்டாவது படத்துக்காக வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு அது நடக்கவில்லை. அவளுக்கும் நடக்கும்படி செய்யும் பொறுப்பு சர்க்காருக்கும், அதைச் செய்ய வைக்கும் பொறுப்பு நமக்கும் இருக்கிறது.